எல்லாக் கடலும் ஒன்றுதானே

கார்ல்ஸ்ரூஹே
10.11.2024

நிருஷாவின் அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். மருமகன் லக்ஸன் ஸ்டேசனுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார். நிருஷாவுக்கு வயிறு இறங்கிவிட்டது, மாதக் கடைசிக்குள் பிள்ளை பிறந்துவிடும் போலிருக்கிறது. யாராவது கேட்டால், மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறா என்று சொல்லுங்கோ. அது பொய்யில்லை. ஆனால் சொன்ன நாளுக்கு முந்தியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு என்ன காரணம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

போனில் கதைக்கலாம்தான். ஆனால் நான் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் உங்களுக்குக் காது கேட்கும், நியாயம் கேட்டால் மட்டும் "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று வைத்துவிடுவீர்கள். கடிதமென்றால் வாசித்துத்தானே ஆகவேண்டும். வாசியுங்கோ.

அன்றைக்கு நடந்ததை நானே எழுதுகிறேன், பிறகு நீங்கள் மாற்றிச் சொல்லக்கூடாது. தீபாவளிக்குப் பிந்திய சனிக்கிழமை. நான் சமையலறையில் இறால் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் போனை மேசையில் சாத்தி வைத்துக்கொண்டு சதீசனோடு கதைத்தீர்கள். அயர்லாந்தில் இருந்து அவன் போடுகிற சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"அத்தான், நான் நேர போய்ப் பாத்திட்டன். நல்ல துப்புரவான இடம். நெருப்பே இல்லை, தண்ணிதான். உடம்பை இஞ்ச கொண்டுவந்து சேத்தால் மிச்சமெல்லாம் நான் பாக்கிறன். கடலும் கிட்டத்தான்."

"எந்த உடம்பு? ஆரின்ர உடம்பு?" என்று இறால் கையோடு ஓடிவந்தேன். நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒண்டுமில்லை, பிறகு சொல்லுறன்" என்றீர்கள்.

பிறகு சொன்னதென்ன? உங்கள் சுவாசப்பை இனித் தேறாது என்று கோடையில் டொக்டர் சொன்னதிலிருந்து யோசிக்கிறீர்களாம். செத்தால் உங்களை எரிக்கக்கூடாதாம். இரும்புப் பீப்பாவுக்குள் போட்டு ஏதோ மருந்துத் தண்ணீரில் கரைக்கவேண்டுமாம். ஜெர்மனிச் சட்டம் அதற்கு விடாதாம், அயர்லாந்தில் விடுவார்களாம். அதனால் எல்லாவற்றுக்கும் சதீசன் பொறுப்பாம். எனக்குத் தெரிவிக்க நேரம் கிடைக்கவில்லையாம்.

சதீசன் யார்? உங்கள் தம்பியா, என் தம்பியா? சியாமளாவின் தம்பி. உங்களுடைய முதல் பெண்சாதியின் தம்பி. அவள் கடலில் போய் முப்பத்தெட்டு வருசம் ஆகியும் அவன் உங்களை "அத்தான்" என்று கூப்பிடுகிறான், நீங்களும் வாய் நிறைய "சொல்லடா தம்பி" என்கிறீர்கள். என் தம்பி கனடாவிலிருந்து எடுத்தால் மட்டும், "இந்தா, அக்காட்டைக் குடுக்கிறன்."

உங்களுக்கு மாத்திரை எடுத்துத் தருகிறவள் நான். முதுகில் தைலம் பூசுகிறவள் நான். நீங்கள் இருமினால் எழும்பி உட்கார்ந்திருக்கிறவள் நான். உயிரோடு இருக்கிற மட்டும் நான், செத்த பிறகு அவளின்ர ஆக்களோ? அதை மட்டும்தான் கேட்கிறேன். பதில் போடுங்கோ.

ஐஸ்பெட்டியில் மீன் குழம்பு வைத்திருக்கிறேன். மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்து வைத்திருக்கிறேன். கலந்துபோடாதேயுங்கோ.

குமுதினி


வுப்பர்டால்
16.11.2024

அன்புள்ள குமுதினிக்கு,

நலம். உமது நலமும் பிள்ளையின் நலமும் அறிய அவா. உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் பசி வந்தது. மீன் குழம்பு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நீர் எழுதவில்லை. நான் திறந்த பெட்டியில் அரைத்த தேங்காய் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இருபத்தாறு வருசம் றெம்ஷைட்டில் இரும்பு அடிக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவன் என்பது உமக்குத் தெரியும். வெள்ளையாகக் காய்ந்த இரும்பை இடுக்கியால் உலையிலிருந்து இழுத்துச் சம்மட்டிக்குக் கொடுப்பதுதான் வேலை. எத்தனை தரம் என் கண் இமை பொசுங்கியது, நீர்தான் நெய் பூசினீர். உயிர் இருக்கும்வரை உலைக்கு முன்னால் நின்றவனை, செத்த பிறகு உலைக்குள்ளேயே தள்ளவேண்டுமா? அந்த யோசனை வந்தால் எனக்குப் படுக்க ஏலாமல் இருக்கிறது. வேறொரு வழி உண்டு என்று வாசித்தேன், விசாரித்தேன். இதில் ஒளிப்பு மறைப்பு ஒன்றுமில்லை.

நீர் நினைக்கிற மாதிரி அது பீப்பா இல்லை. உருக்கினால் செய்த பெரிய பாத்திரம். உடம்பைப் பட்டிலோ கம்பளியிலோ சுற்றி உள்ளே வைப்பார்கள். தண்ணீரும் காரமும் சேர்த்துச் சூடாக்குவார்கள். நாலைந்து மணித்தியாலத்தில் தசையெல்லாம் கரைந்துவிடும், எலும்பு மட்டும் மிஞ்சும். அதை உலர்த்தி மாவாக்கித் தருவார்கள். புகை இல்லை, கரி இல்லை. மண்ணுக்குள் நடப்பதுதான் கெதியாக நடக்கிறது என்று சொல்கிறார்கள்.

இதில் சியாமளா எங்கே வந்தாள்? அந்த இடத்திலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் சதீசன் இருக்கிறான், அவ்வளவுதான். அங்கே உமது தம்பி இருந்திருந்தால் உமது தம்பியைக் கேட்டிருப்பேன்.

இன்னொன்று. கீழ் வீட்டு ஞானசுந்தரம் அண்ணை நாள் தவறாமல் மணி அடிக்கிறார். "குமுதினி எப்ப வருவா? அவவின்ர இஞ்சித் தேத்தண்ணி இல்லாமல் எனக்கு நாளே விடியுதில்லை" என்கிறார். எனக்கு விடிகிறதா இல்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை. நேற்று, உமக்குப் போன் எடுத்துக் கதைத்ததாகவும் சொன்னார். என்னோடு போனில் கதைக்க ஏலாத நீர், பெண்சாதி இல்லாத மனிசனோடு அரை மணித்தியாலம் என்ன கதைத்தீர்?

அன்புடன்
மகேந்திரராஜா


கார்ல்ஸ்ரூஹே
21.11.2024

நிருஷாவின் அப்பாவுக்கு,

உலைக் கதை நல்லாய்த்தான் இருக்கிறது. வேறு யாருக்காவது சொல்லுங்கோ, நம்புவார்கள்.

நான் சதீசனுக்கு எடுத்தேன். ஓம், நானேதான். இத்தனை வருசத்தில் அவனோடு நான் தனியாகக் கதைத்தது இதுதான் முதல் தரம். அவன் நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. அந்தப் பழக்கம் உங்களிடமிருந்து வரவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த எலும்பு மாவை என்ன செய்யச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கடலில விடச் சொன்னவர் அக்கா" என்றான். "இது இந்த ஊர்க் கடல், எங்கட கடல் இல்லையே அத்தான் எண்டு நானும் கேட்டனான். 'எல்லாக் கடலும் ஒண்டுதானே தம்பி, எங்க விட்டாலும் போய்ச் சேரும்' எண்டு சொன்னவர்" என்றான்.

எங்கே போய்ச் சேரும்? யாரிடம் போய்ச் சேரும்? உலைக்குப் பயந்தவர் தண்ணீரோடு நிறுத்தியிருக்கலாமே, கடல் எதற்கு? வுப்பர்டால் சுடலையில் ஒரு துண்டு நிலம் வாங்கி அந்த மாவைப் புதைத்தால் ஆகாதா?

எனக்கு இன்றைக்கு வயிறு எரிகிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். நான் கலியாணம் முடித்து வந்து உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது, முதலில் என்னைப் பார்த்தது அவளுடைய படம்தான். நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, "இது சியாமளா" என்றீர்கள், பக்கத்து வீட்டுக்காரியை அறிமுகப்படுத்துகிற மாதிரி. அன்றைக்கு எனக்கு இருபத்தாறு, அவளுக்கு இருபத்திரண்டு. இன்றைக்கு எனக்கு ஐம்பத்தெட்டு. கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று, தலைக்கு மை பூசிப் பூசி அலுத்துப்போயிற்று. அவளுக்கு இன்னும் இருபத்திரண்டுதான். அந்த நெற்றியில் ஒரு கோடு விழவில்லை. அப்படிப்பட்டவளோடு ஒருத்தி எப்படிப் போட்டி போடுகிறது?

எட்டு மாதம் உங்களோடு இருந்தவள். எட்டே எட்டு மாதம்! உங்கள் குறட்டை அவளுக்குத் தெரியுமா? கோபம் வந்தால் இரண்டு நாளைக்கு வாய் திறக்காத குணம் தெரியுமா? நல்லது மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மிச்சத்தையெல்லாம் பார்த்தவள் நான்.

அவளுடைய திவசத்துக்கு வருசா வருசம் சமைத்தவளும் நான்தான். பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு அவளுக்கு விருப்பம் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அன்றிலிருந்து ஒரு வருசமும் தவறாமல் கத்தரிக்காய் பொரித்து இலையில் வைத்தேன். எனக்கு என்ன குழம்பு விருப்பம் என்று உங்களுக்குத் தெரியுமா? யோசித்துப் பாருங்கோ. யோசித்தாலும் வராது.

நான் ஒன்றே ஒன்றுதான் நினைத்து வைத்திருந்தேன். உயிரோடு இருக்கும்போது உங்களில் பாதி அவளிடம்தான் இருந்தது, செத்த பிறகாவது முழுசாக எனக்கு ஒரு இடத்தில் இருப்பீர்கள் என்று. ஒரு கல், அதில் உங்கள் பெயர், நான் பூக்கொண்டு போய் வைக்க ஒரு மூலை. அவளுக்குக் கடல் முழுக்க இருக்கிறது. எனக்கு இரண்டு முழ நிலம் தரக்கூடாதா?

நீங்கள் மாற்றிப் போட்ட முழங்கால் இரும்பு கரையாதாம், மினுங்கிக்கொண்டு அப்படியே வெளியில் வருமாம், சதீசன் சொன்னான். அதையாவது எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ. அதைப் புதைத்து அதற்குப் பூ வைக்கிறேன்.

ஞானசுந்தரம் அண்ணை என்ன கதைத்தார் என்று கேட்டீர்கள். என்னுடைய முழங்கை நோவு எப்படி என்று கேட்டார். அந்த நோவு எனக்கு இருக்கிறதென்றே உங்களுக்குத் தெரியாது.

குமுதினி


வுப்பர்டால்
8.12.2024

அன்புள்ள குமுதினிக்கு,

பேத்தியைப் போனில் காட்டியதற்கு நன்றி. நெற்றி என்னுடையது, கோபம் உம்முடையது. பிறந்து முழுசாய் ஒரு கிழமை ஆகவில்லை, அதற்குள் முகத்தைச் சுழிக்கிறாள். என்னால் வரமுடியவில்லை. ஸ்டேசன் படி ஏற இப்போது இடையில் இரண்டு தரம் நிற்கவேண்டியிருக்கிறது.

பதில் எழுதப் பிந்திவிட்டது. எழுதத் தொடங்கிக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். உலைக் கதை பொய்யில்லை, ஆனால் அது பாதிக் கதை. நீர் கண்டுபிடித்துவிட்டீர், இனி மறைப்பது மரியாதையில்லை. மிச்சப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை, சதீசனுக்கும் தெரியாது.

சியாமளா தன் பெரியம்மாவோடு அகதியாய் இராமேஸ்வரம் போக வள்ளம் ஏறினாள். நான் அடுத்த மாதம் போவதாக இருந்தது. வள்ளம் கவிழ்ந்தது. சிலர் பிழைத்து வந்தார்கள், சிலருடைய உடல் கரைக்கு வந்தது. அவள் இரண்டிலும் இல்லை. உடம்பு இல்லாமல் செத்த வீடு எப்படிச் செய்வது? ஐயர் ஒரு வழி சொன்னார். தர்ப்பையும் வைக்கோலும் கட்டி ஒரு உருவம் செய்தார்கள். அதற்கு அவளுடைய சேலையைச் சுற்றினார்கள். "இதுதான் உன் பெண்சாதி, கொள்ளி வை" என்றார்கள். வைத்தேன்.

வைக்கோல்தானே, ஒரு நிமிசத்தில் குப்பென்று எரிந்து முடிந்தது. சனமெல்லாம் அழுதது. நான் அழவில்லை. தண்ணீரில் போனவளுக்கு நெருப்பு வைத்துவிட்டு நிற்கிறேனே, இது என்ன நாடகம் என்றுதான் எனக்குப் பட்டது. அன்றைக்கு நெருப்பில் எனக்கு ஒரு வெறுப்பு விழுந்தது. றெம்ஷைட்டில் உலை திறக்கிற ஒவ்வொரு நாளும் முதலில் அந்த வைக்கோல்தான் கண்ணில் வரும். நீர் கேட்டதுக்குப் பதில் இதுதான். ஓம் குமுதினி, அவளும் ஒரு காரணம். உமக்கு நோகும் என்று தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன்.

ஆனால் உம்மில் பாசமில்லாமல் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுடைய திவசம் வந்தது. மகள் வழிப் பிறப்புத் துடக்கு எங்களுக்குத் தடையில்லை, செய்யலாம் என்று ஐயர் சொன்னார். நீர் அங்கே பிள்ளையோடு கஷ்டப்படுகிறீர், இந்த வருசம் உமக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று நினைத்தேன். அதனால் நானே சமைத்தேன்! தமிழ்க் கடைக்குப் போய்க் கத்தரிக்காயும் வாழையிலையும் வாங்கினேன். கத்தரிக்காய் கொஞ்சம் கருகிவிட்டது, பருப்பு நன்றாக வந்தது. ஒரு மரக்கறி குறைய வைக்கவில்லை. இலையில் படைத்து பல்கனியில் காகத்துக்கும் வைத்தேன். இரண்டு காகம் வந்தது. நீர் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பீர்.

முழங்கை எப்படி இருக்கிறது?

அன்புடன்
மகேந்திரராஜா


கார்ல்ஸ்ரூஹே
12.12.2024

நிருஷாவின் அப்பாவுக்கு,

வைக்கோல் கதையை வாசித்துவிட்டு நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அட பாவி மனிசா, இதை இவ்வளவு காலம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா திரிந்தாய் என்று நினைத்தேன். எழும்பி, அன்றைக்கே ரயில் ஏறலாமா என்று நிருஷாவிடம் கேட்கப் போனேன்.

பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

சமைத்தீர்களோ? நீங்களோ? கத்தரிக்காய் பொரித்தீர்களோ?

முப்பத்திரண்டு வருசத்தில் எனக்கு ஒரு தேத்தண்ணீர் போட்டுத் தந்திருக்கிறீர்களா? நிருஷா பிறந்து நான் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, பச்சை உடம்போடு நான்தான் அரிசி கழுவினேன். "எனக்கு அடுப்படி ஒத்துவராது குமுதா" என்றீர்கள். எனக்குக் கொரோனா வந்து பதினைந்து நாள் படுத்தபோது ஞானசுந்தரம் அண்ணைதான் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தார். நீங்கள் கஞ்சி குடித்துவிட்டு, உப்புக் காணாது என்றீர்கள். அந்த மனிசன் செத்துப்போன ஒருத்திக்குப் பருப்பு, கத்தரிக்காய், இன்னும் என்னென்ன மரக்கறி எல்லாம் வைத்து, வாழையிலை தேடி வாங்கிப் படைத்திருக்கிறார். அதை எனக்கே எழுதுகிறார், நான் சந்தோசப்படுவேனாம்!

படி ஏற இரண்டு தரம் நிற்கிறவருக்குத் தமிழ்க் கடைக்குப் போகக் கால் எங்கேயிருந்து வந்தது? பேத்தியைப் பார்க்க வரமட்டும்தான் ஏலாது.

எனக்கு உங்களோடு இனிக் கதைக்க ஒன்றுமில்லை. தண்ணீரில் போங்கோ, கடலில் போங்கோ, அவளிடமே போங்கோ. நான் வந்து பார்க்கமாட்டேன்.

கத்தரிக்காயைப் பெரிய நெருப்பில் பொரித்தால் கருகத்தான் செய்யும்.

குமுதினி


வுப்பர்டால்
23.12.2024

அன்புள்ள குமுதினிக்கு,

நீர் போனை எடுப்பதில்லை. நிருஷா "அம்மா நித்திரை" என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு நீர் நித்திரை கொண்டதாக எனக்கு நினைவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். உமக்கு விருப்பமான குழம்பு எது என்று எனக்குத் தெரியவில்லை. நீர் கடைசியாகச் சாப்பிட உட்காருவீர், சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவீர். மிஞ்சியதைத் தவிர வேறெதையும் நீர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன திங்கட்கிழமை டொக்டரைப் பார்க்க ரெர்மின் குறித்திருந்தது. இனி வீட்டில் ஒக்சிசன் மெசின் வைக்கவேண்டும் என்றார். புதன்கிழமை கொண்டுவந்து பூட்டிவிட்டார்கள். மூக்கில் குழாயோடு நடக்கிறேன், குழாய் குசினி வரைக்கும் வருகிறது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். டொக்டர் கோடையைப் பற்றிப் பேசாமல், பனிக்காலத்தை நன்றாகக் கழியுங்கள் என்றார்.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். சதீசனுக்கு எடுத்து, அந்தக் கதையை விடு தம்பி என்று சொல்லிவிட்டேன். அவன் காரணம் கேட்டான், அக்காவுக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். என்னை இங்கேயே எரியுங்கோ. சாம்பலை இங்கேயே புதையுங்கோ. தொங்குரயிலில் நாலு தரிப்புத் தள்ளி ஒரு சுடலை இருக்கிறது, உமக்கு வந்துபோகச் சுகம். இரண்டு முழம் என்ன, நாலு முழமாகவே வாங்கும். கல்லில் பெயரை நிருஷா எழுத்துப்பிழை இல்லாமல் போடுவாள்.

ஒன்றே ஒன்றுதான். இங்கே கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தான் அமத்தச் சொல்வார்கள், நீர் பார்த்திருப்பீர். அதை நிருஷாவைக் கொண்டு செய்விக்கவேண்டாம். லக்ஸன் அமத்தட்டும். தகப்பனுக்கு நெருப்பு வைத்தேன் என்று அந்தப் பிள்ளை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரியக்கூடாது. அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு நெருப்பில் பயமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பயம்தான் குமுதா. ஆனால் செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது? நீர் உயிரோடு இருந்து நோகப்போகிறவர். உம்முடைய விருப்பம்தான் பெரிது.

ஞானசுந்தரம் அண்ணை வந்து சாப்பாடு தருகிறார். நல்ல மனிசன்தான். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அன்புடன்
மகேந்திரராஜா


கார்ல்ஸ்ரூஹே
2.1.2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வருசம் பிறக்க முந்தின நாள் வந்தது. வாசித்துவிட்டு நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வெளியில் வாணம் வெடிக்கத் தொடங்கியது, பிள்ளை பயந்து அழுதது. லக்ஸன் அவளை யன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போய், "பார் பார், என்ன வடிவான நெருப்பு" என்றார். எனக்கு யன்னல் பக்கம் போக மனம் வரவில்லை. நீங்கள் பெட்டியோடு உலைக்குள் போகிறதும் கதவு மூடுகிறதும்தான் கண்ணில் வந்தது. என்னுடைய நாலு முழ நிலத்துக்காக, பயந்த மனிசனை நெருப்புக்குள் தள்ளிவிட்டு மேலே நான் பூ வைப்பேனா? நான் பொறாமைக்காரிதான். ஓம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு கெட்டவளில்லை.

நேற்றுக் காலையே சதீசனுக்கு எடுத்தேன். "விட்ட கதையைத் திரும்பத் தொடங்கு" என்றேன். அவன் பயந்துவிட்டான். "அக்கா, அத்தான் வேண்டாமெண்டு சொன்னவர். உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில என்னை மாட்டாதேயுங்கோ" என்றான். "இனி நான் சொல்லுறதுதான் முடிவு, அவரை விடு" என்றேன்.

ஆகவே நீங்கள் தண்ணீரிலேயே போகலாம். நானே கூட வருவேன், அயர்லாந்துக்கு. உங்களைச் சுற்றிக் கொடுக்கிற பட்டு எங்கள் கலியாணத்துப் பட்டு வேட்டி, அதைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். சதீசன் வாசலில் நிற்கட்டும், உள்ளே நான்தான் போவேன். இதெல்லாம் நடக்க இன்னும் காலம் கிடக்கிறது, பயப்படாதேயுங்கோ. மெசினைக் கழற்றாமல் இருங்கோ.

ஆனால் கடல் விஷயம் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

அந்த மா எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று சதீசனைக் கேட்டேன். "அது எலும்புதானே அக்கா, எத்தனை வருசமெண்டாலும் அப்பிடியே கிடக்கும்" என்றான். எனக்குத் தேவையான விடை அதுதான். அவர்கள் தருகிற மாவைச் சதீசன் வீட்டில் விட நான் என்ன விசரியா? அவளுடைய தம்பி வீட்டு அலுமாரியில் உங்களை விட்டுவிட்டு எனக்கு இங்கே நித்திரை வருமா? நானே கொண்டுவருவேன். செத்தவருடைய சாம்பலை வீட்டில் வைக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது என்று நிருஷா சொல்கிறாள். விடாவிட்டால் போகட்டும். வெள்ளை மாவாம், நல்ல நைசான மாவாம். குசினியில் அரிசிமாப் பேணியும் கோதுமைமாப் பேணியும் நிற்கிற தட்டில் மூன்றாவதாக ஒரு பேணி நின்றால் எந்தப் பொலிஸ் வந்து திறந்து பார்க்கப்போகிறது? விமான நிலையத்தில் என்ன வெள்ளைத் தூள் என்று பிடித்தால், புருசன் என்று சொல்வேன். நிருஷா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அப்படியே என்னோடு வீட்டில் இருப்பீர்கள். நான் சமைக்கும்போது பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். நான் உங்களைப் பேசுவேன், நீங்கள் வழமைபோலக் கேட்காத மாதிரி இருக்கலாம். என் காலம் முடிந்ததும் என்னையும் அந்தத் தண்ணீருக்கே அனுப்பச் சொல்லி நிருஷாவிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு இரண்டு மாவையும் ஒன்றாகக் கலந்து, கையால் நன்றாகப் பிசறி, எது நீங்கள் எது நான் என்று ஒருவருக்கும் தெரியாத மாதிரி ஆக்கி, அதற்குப் பிறகுதான் கடலில் விடவேண்டும். எந்தக் கடலென்றாலும் எனக்குக் காரியமில்லை. போய்ச் சேருகிற இடத்தில் அவள் உங்களைத் தேடினால், என்னையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும்.

அவளில் எனக்கு இன்னும் எரிச்சல்தான். அது தீராது, தீர்க்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வைக்கோல் கதையை வாசித்த பிறகு ஒன்று தெரிந்தது. உங்களை நெருப்பில் விட்டால், அவள் அல்ல, நான்தான் உங்களை விட்டுவிட்டுப் போனவள் ஆவேன்.

சனிக்கிழமை வாறன். லக்ஸன் காரில் கொண்டுவந்து விடுகிறார், பிள்ளையும் வருகிறாள். எனக்கு விருப்பமான குழம்பை நான் சொல்லமாட்டேன், வந்திருந்து சமைத்துச் சாப்பிட்டுக் காட்டுகிறேன்.

எங்கள் அம்மா தொண்ணூற்று மூன்று வரை இருந்தவ, பெரியம்மா அதற்கும் மேலே. எங்கள் வீட்டுப் பெண்கள் லேசில் சாகிறவர்கள் இல்லை. நான் வருகிற வரைக்கும் அவள் அங்கேயே காத்துக்கொண்டு இருக்கட்டும். கன காலம் ஆகும் என்று சொல்லிவையுங்கோ. படத்தைப் பார்த்து நீங்கள்தானே அவளோடு கதைக்கிறனீங்கள்.

குமுதா